கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடையின் பில்களை இணைய நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பிய அனுபவம்

‘நீங்கள் பயன்படுத்தும் ஐபி முகவரியிலிருந்து எங்கள் சர்வருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்ப அனுமதி இல்லை. உங்கள் இணைய நிறுவனத்தின் ரிலே சர்வர் வழியாக அனுப்புங்கள்.’ 550 5.7.1 என்ற எண்ணுடன் ஜிமெயில் சர்வர் தரும் மறுப்பின் சாரம் இது. ரிலே சர்வர் என்பது நம் கடிதத்தை வாங்கித் தன் வழியாக அனுப்பிவைக்கும் சர்வர். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் கடைக் கணினியில், மெயில் மென்பொருள் தன் வேலையைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்தபோது, இந்த மறுப்புதான் வரிசையாக நின்றது. நோயையும் மருந்தையும் ஒரே வரியில் சொல்லிவிடும் மறுப்பு அது. அந்த மருந்தைக் கொடுக்கப் போனபோது எதிர்ப்பட்டவற்றையும், தமிழில் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் நேர்ந்த ஒரு சிக்கலையும் விரிவாகப் பதிந்து வைக்கிறேன். சிறு ஊர்களில் கடைகளுக்குக் கணினி வேலை பார்க்கும் யாருக்காவது பயன்படும்.

கடையின் ஏற்பாடு எளிமையானது. கணக்கு மேஜைக்கு அடியில் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு பழைய கணினி. பில் போடும் மென்பொருள் அதில்தான் இருக்கிறது. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் வரி இன்வாய்ஸ் இல்லை, ‘பில் ஆஃப் சப்ளை’தான். மென்பொருள் அதை பிடிஎஃப் ஆக்கும். ஒரு சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட் அதற்கு ஒரு முகப்புக் கடிதம் எழுதி இணைக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் அதை வெளியே அனுப்பும். சென்னை, மதுரை, கொல்லம், திருவனந்தபுரம், மும்பையில் தாராவி என்று வாடிக்கையாளர்கள் பரவியிருக்கிறார்கள். “லாரி தாராவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது தம்பி, பில் இன்னும் வரவில்லை என்கிறார்கள்” என்று அண்ணாச்சி போனில் சொன்னார். பில் போகாவிட்டால் பணமும் வராது.

முன்பெல்லாம் பழுதில்லாமல் போய்க்கொண்டிருந்தது ஏன் நின்றது? பழைய இணைப்பில் கடைக்கென்று ஒரு நிலையான ஐபி முகவரி இருந்தது. அந்த எண்ணைத் தேடினால் கடையின் டொமைன் பெயர் வரும்படி எதிர்த்திசைப் பதிவும் இருந்தது. அந்த இணைப்பை விட்டுவிட்டு, வேகம் கூடுதல், கட்டணம் குறைவு என்று உள்ளூர் ஃபைபர் இணைப்புக்கு மாறியிருக்கிறார்கள். மாறிய நாளிலிருந்துதான் தொல்லை. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து அதற்குக் கிடைத்திருக்கும் வெளி முகவரியைப் பார்த்தேன். 100-இல் தொடங்கியது, அடுத்த எண் 64-க்கும் 127-க்கும் இடையில் இருந்தது. இந்த வரிசை 2012-இல் இணைய நிறுவனங்களின் உள் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதாவது, கடைக்குத் தனியாக ஒரு பொது முகவரியே இல்லை. தெருவில் உள்ள பல வீடுகளும் கடைகளும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் எந்த வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்து குப்பை மெயில்களை அள்ளி வீசினாலும், கெட்ட பெயர் எல்லாருக்கும் சேர்ந்துதான் வரும்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு வெளியிடும் பட்டியல்களில் பிபிஎல் என்று ஒன்று உண்டு. வீட்டு, சிறு கடை இணைப்புகளுக்கு வழங்கப்படும் முகவரி வரிசைகள் அதில் இருக்கும். பல வரிசைகளை இணைய நிறுவனங்களே முன்வந்து கொடுக்கின்றன. ‘இந்த முகவரிகளிலிருந்து மெயில் நேரடியாக வரக் கூடாது, எங்கள் மெயில் சர்வர் வழியாகத்தான் வர வேண்டும்’ என்ற அறிவிப்பு அது. நம் முகவரி அதில் இருப்பதால் நாம் குப்பை மெயில் அனுப்பினோம் என்று ஆகாது. ஆகவே, பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. வழியை மாற்றுவதுதான் முறை.

அண்ணாச்சிக்கு இதை விளக்க நான் எடுத்துக்கொண்டது அவருடைய தொழிலையே. அப்பளக் கட்டுகளை ஒவ்வொரு ஊருக்கும் அவரே வண்டி வைத்துக் கொண்டுபோவதில்லை. லாரி ஆபீஸில் ஒப்படைக்கிறார். கட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் மட்டும் கடையுடையது. மின்னஞ்சலும் அப்படித்தான் போக வேண்டும் என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். “அப்படியானால் லேபிள் கிழியாமல் போய்ச் சேர வேண்டுமே தம்பி” என்று அவர் கேட்ட கேள்விதான் இந்த வேலை முழுவதற்கும் அளவுகோலாக இருந்தது. ரிலே அமைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கட்டை லாரியில் ஏற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடிதத்தை யார் சுமந்தாலும் அது கடையின் பெயரில், கடையின் கையொப்பத்தோடு, ஓர் எழுத்தும் மாறாமல் போய்ச் சேர்வதுதான் வேலையின் கடினமான பாதி.

வேறு வழிகளும் இருந்தன. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். ஆனால் எதிர்த்திசைப் பதிவையும் இணைய நிறுவனம்தான் செய்து தர வேண்டும், புதிய முகவரிக்கு நல்ல பெயர் வரும்வரை பொறுக்கவும் வேண்டும். மெயில் அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட வெளிச் சேவைகளில் மாதக் கட்டணம் கட்டிச் சேரலாம். இந்தக் கடையின் இணைப்பு வியாபாரத் திட்டத்தைச் சேர்ந்தது. அதிலேயே ரிலே கணக்கு ஒன்று அடங்கியிருந்தது, யாரும் தொடவில்லை. ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும் வசதி, பக்கத்து ஊரில் அலுவலகம், ஏதாவது என்றால் நேரில் போய்க் கேட்கலாம். அதையே எடுத்தேன்.

போஸ்ட்ஃபிக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்ஸ வெனமா என்ற டச்சுக்காரர் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளிவந்த மென்பொருள் இது. அதன் லாக் கோப்பு அவ்வளவு தெளிவாக இருக்கும். எந்தக் கடிதம் எந்த நொடியில் யாரிடம் போனது, அவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் ஒரே வரியில். இந்த வேலையில் எனக்குப் பெரிய துணை அந்த லாக்தான்.

அமைப்புக் கோப்பில் முதல் மாற்றம், ‘ரிலேஹோஸ்ட்’ என்ற வரி. அதில் இணைய நிறுவனம் கொடுத்த சர்வர் பெயரையும் 587 என்ற போர்ட் எண்ணையும் எழுத வேண்டும். சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது முக்கியம். போடாவிட்டால், அந்தப் பெயருக்கு உள்வரும் மெயிலை வாங்கும் சர்வர் எது என்று டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பட்டியலில் தேடிக்கொண்டு போஸ்ட்ஃபிக்ஸ் வேறு வாசலுக்குப் போய் நிற்கும். போர்ட் 25 சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாசல். மின்னஞ்சல் நெறிமுறை 1982-இல் எழுதப்பட்ட காலத்து ஏற்பாடு. வாடிக்கையாளர் தன் கடிதத்தை ஒப்படைப்பதற்கென்று 1998-இல் தனியாக ஒதுக்கப்பட்டதுதான் 587. இங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பார்கள்.

கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் எழுதி, கணினியின் தலைமைப் பயனரான ரூட் மட்டும் படிக்கும்படி உரிமையைக் குறுக்கி, ‘போஸ்ட்மேப்’ கட்டளையால் அட்டவணையாக்க வேண்டும். பிற்பாடு எப்போது கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டாவிட்டால் பழைய சொல்லே போய்க்கொண்டிருக்கும். இணைப்பைக் குறியாக்கம் செய்யும் அமைப்பில் பலரும் ‘என்கிரிப்ட்’ என்ற நிலையோடு நின்றுவிடுகிறார்கள். அது ரகசியமாகப் பேசும். எதிரே இருப்பவர் யார் என்று பார்க்காது. கடையின் கடவுச்சொல் அந்த வழியாகப் போகிறது, ஆகவே எதிர் சர்வர் காட்டும் சான்றிதழில் உள்ள பெயரையும் சரிபார்க்கும் ‘செக்யூர்’ நிலையை வைத்தேன். டெபியனோடு வரும் சான்றிதழ்த் தொகுப்பைக் காட்டிக்கொடுத்தால் போதும்.

எல்லாம் எழுதி ஒரு சோதனைக் கடிதம் விட்டதும், உள்நுழையத் தகுந்த வழிமுறை எதுவும் கிடைக்கவில்லை என்று லாக் சொன்னது. இது டெபியனிலும் உபுண்டுவிலும் பலரும் சந்திப்பது. கடவுச்சொல் பேச்சுவார்த்தையை நடத்தும் சாஸ்ல் தொகுதிகள் தனிப் பொதியாக இருக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸை நிறுவும்போது அவை எப்போதும் தாமாக வந்துவிடுவதில்லை. அந்தப் பொதியை நிறுவியதும் அடுத்த பதில் 535: உள்நுழைவு தோல்வி. பயனர் பெயரை நிறுவனத்தின் டொமைனோடு சேர்த்து முழு முகவரியாக எழுத வேண்டியிருந்தது. அதன் பின் கதவு திறந்தது.

திறந்த கதவுக்குள் இன்னொரு கதவு. 553 என்ற எண்ணோடு, அனுப்புநர் முகவரி உங்களுடையது இல்லை என்று சர்வர் மறுத்தது. ரிலே கணக்கு இணைய நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. கடிதமோ கடையின் சொந்த டொமைனில் கிளம்புகிறது. தங்கள் வழியாக யாரும் பிறர் பெயரில் கடிதம் அனுப்பாமல் அவர்கள் தடுப்பது சரியான காரியம். அப்படித் தடுக்காத சர்வரை நான் நம்பவும் மாட்டேன். நேரில் போய்க் கேட்டோம். கடையின் லெட்டர்பேடில் ஒரு கோரிக்கைக் கடிதமும், டொமைன் நம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக டிஎன்எஸ்ஸில் அவர்கள் சொன்ன ஒரு டெக்ஸ்ட் பதிவும் வேண்டும் என்றார்கள். இரண்டையும் கொடுத்தபின் கடையின் டொமைன் அனுமதிக்கப்பட்டது. முன்கவுண்டரில் இருந்தவருக்கு ரிலே என்றால் என்னவென்று தெரியவில்லை. உள்ளே இருந்த தொழில்நுட்பப் பணியாளர் வந்ததும் ஐந்தே நிமிடத்தில் பேச்சு முடிந்தது. ‘மெயில் போகவில்லை’ என்று சொல்லாமல், லாக்கின் அந்த ஒரு வரியை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனது இதற்கு உதவியது.

இதே இடத்தில் ஒரு பழைய குறையும் வெளிப்பட்டது. கடிதத்தின் உள்ளே தெரியும் ‘அனுப்புநர்’ வேறு, உறையின் மேல் எழுதப்படும் அனுப்புநர் வேறு. பைத்தான் ஸ்கிரிப்ட் உள்ளே கடையின் முகவரியை எழுதியது. உறையிலோ கணினியின் உள்ளூர்ப் பெயர்தான் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வரும் கடிதங்கள் உறை முகவரிக்குத்தான் வரும். அந்தப் பெயர் உலகத்தில் எங்கும் இல்லாத ஒன்று என்பதால், போகாத பில்களைப் பற்றிய தகவல் எல்லாம் அத்தனை காலமும் யார் கண்ணிலும் படாமல் அழிந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் உள்ளூர்ப் பெயர்களை வெளிப் பெயர்களாக மாற்றித் தரும் ஒரு அட்டவணை வசதி உண்டு. அதில், இந்தக் கணினியிலிருந்து யார் பெயரில் கிளம்பினாலும் உறையின் மேல் கடையின் கணக்குப் பிரிவு முகவரி வரும்படி எழுதினேன். உள்வரும் மெயிலைக் கடையின் வெப் ஹோஸ்டிங் நிறுவனம் வாங்கி வைக்கிறது, அதை மாற்றவில்லை. இப்போது ஒரு பில் திரும்பினால், கணக்கு எழுதும் அக்காவின் பெட்டியில் வந்து விழுகிறது.

அடுத்து லேபிள். எஸ்பிஎஃப் என்பது, ‘எங்கள் டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கு உரிமை உண்டு’ என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் பதிவு. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதிப்பவர் இரண்டையுமே செல்லாது என்று தள்ளிவிடுவார். ஹோஸ்டிங் நிறுவனத்துக்காக ஏற்கெனவே ஒன்று இருந்தது. புதிதாக ஒன்று சேர்க்காமல் அந்த வரியிலேயே இணைய நிறுவனத்தின் ‘இன்க்ளூட்’டையும், அதாவது அவர்களுடைய பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள் என்ற குறிப்பையும், எழுதினேன். இப்படி உள்ளே உள்ளே போய்த் தேடவைக்கும் குறிப்புகள் மொத்தம் 10 தேடல்களுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நிறுவனங்களின் இன்க்ளூட்டுக்குள் இன்னும் சில இன்க்ளூட்டுகள் ஒளிந்திருக்கும், ஆகவே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

எஸ்பிஎஃப் மட்டும் போதாது. மதுரையில் ஒரு மொத்தக் கடைக்காரர், தம் நிறுவன முகவரிக்கு வருவதையெல்லாம் தானாக ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும்படி வைத்திருக்கிறார். அப்படித் திருப்பும்போது ஜிமெயிலின் வாசலில் நிற்பது அவருடைய சர்வர். அது நம் எஸ்பிஎஃப் பட்டியலில் இல்லை. அங்கே நம்மைக் காப்பாற்றுவது டிகிம் கையொப்பம். கடிதம் கிளம்பும் முன் அதன் தலைப்பு வரிகளையும் உடலையும் கணக்கிட்டு, ரகசியச் சாவியால் ஒரு கையொப்பம் இட்டு அனுப்புகிறோம். பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். யார் சுமந்து வந்தாலும், எத்தனை கை மாறினாலும், உள்ளடக்கம் மாறாதவரை கையொப்பம் செல்லும். இந்த வேலையைச் செய்யும் ஓப்பன்டிகிம் நிரலைக் கடைக் கணினியிலேயே போஸ்ட்ஃபிக்ஸோடு இணைத்தேன். இணைய நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே கையொப்பம் இடப்பட்டுவிட வேண்டும். சாவி 2048 பிட். அதன் பொதுப் பகுதி டிஎன்எஸ்ஸில் ஒரே சரமாக எழுதக்கூடிய 255 எழுத்துகளுக்குள் அடங்காது. மேற்கோள் குறிகளுக்குள் இரண்டு துண்டாக எழுத வேண்டும்.

சோதனைக் கடிதத்தை ஜிமெயிலில் திறந்து ‘மூலத்தைக் காட்டு’ என்பதைச் சொடுக்கினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் தேறியதாக வந்தது. டிமார்க் என்பது, முந்தைய இரண்டில் ஒன்றாவது, கடிதத்தில் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. அதை ‘நடவடிக்கை வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்புங்கள்’ என்ற நிலையில் வைத்தேன். பில்கள் கிளம்பின. தாராவியிலிருந்து பணம் வந்தது என்று அண்ணாச்சி சொன்னார்.

பிறகு கணக்கு எழுதும் அக்கா ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். “மதுரைக்காரருக்கு இங்கிலீஷ் கடிதத்தோடு போகிற பில் சரியாகப் போகிறது தம்பி. தமிழ்க் கடிதத்தோடு போனால் ஸ்பாமில் கிடக்கிறது என்கிறார். ஆனால் தீபாவளிக்குப் பெரிதாக எழுதினோமே, அந்தத் தமிழ்க் கடிதம் மட்டும் நன்றாகப் போனது.” இவ்வளவு கூர்மையான ஒரு குறிப்பைக் கணினித் துறையில் பல வருடம் இருப்பவர்கள்கூடத் தருவதில்லை. டிமார்க் அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தால் அதையேதான் அவையும் காட்டின: ஒரு பகுதி கடிதங்களில் எஸ்பிஎஃப் தேறுகிறது, டிகிம் முறிந்திருக்கிறது. நேராகப் போகும் கடிதங்களை எஸ்பிஎஃப் தாங்கிப் பிடித்தது. மதுரைக்காரரிடம் போனவை மட்டும் இரண்டும் இல்லாமல் விழுந்தன.

முறிந்த கடிதங்களுக்கான காரணம், ‘உடலின் கணக்கு பொருந்தவில்லை’. கையொப்பம் இட்ட பின் வழியில் யாரோ உள்ளடக்கத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு தமிழ்க் கடிதத்தை வரிசையிலேயே நிறுத்தி வைத்துப் படித்தேன். அதே கடிதம் ஜிமெயிலில் வந்து சேர்ந்த வடிவத்தோடு ஒப்பிட்டேன். இங்கே, உடலின் வடிவம் 8 பிட் என்று எழுதியிருந்தது. அங்கே போனபோது ‘குவோட்டட் பிரிண்டபிள்’ என்ற 7 பிட் வடிவம் ஆகியிருந்தது.

1982-இன் நெறிமுறை 7 பிட் எழுத்துகளுக்காக எழுதப்பட்டது. ஆங்கிலத்தின் 128 குறிகளுக்கு அது போதும். தமிழின் யூனிக்கோட் குறிகள் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். எல்லாமே 7 பிட்டுக்கு மேலே. 8 பிட் கடிதத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும் சர்வர், பேச்சைத் தொடங்கும்போதே ‘8பிட்மைம்’ என்று அறிவிக்க வேண்டும். இணைய நிறுவனத்தின் சர்வரோடு கையால் இணைப்பு ஏற்படுத்தி அதன் அறிமுகப் பட்டியலைப் பார்த்தேன். அந்தச் சொல் அதில் இல்லை, பழைய அமைப்பு. அறிவிக்காத சர்வருக்கு 8 பிட் கடிதத்தை அனுப்பக் கூடாது என்ற விதியை மதித்து, போஸ்ட்ஃபிக்ஸே கடைசி நொடியில் அதை 7 பிட் வடிவத்துக்கு மாற்றி அனுப்பியிருக்கிறது. கையொப்பமோ அதற்கு முன்பே, பழைய வடிவத்தின் மேல் இடப்பட்டுவிட்டது. எல்லாரும் விதிப்படி நடந்தும் கையொப்பம் முறிந்திருக்கிறது.

அப்படியானால் தீபாவளிக் கடிதம் எப்படித் தப்பியது? விடை பைத்தான் ஸ்கிரிப்ட்டில் இருந்தது. பைத்தானின் புதிய மின்னஞ்சல் நூலகம், ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் இருந்தால் எந்த வடிவத்தில் பொதிவது என்று தானே முடிவு செய்கிறது. எல்லா வரிகளும் 78 பைட்டுக்குள் இருந்தால் 8 பிட்டாகவே விட்டுவிடும். ஒரு வரி நீண்டாலும் பேஸ்64 அல்லது குவோட்டட் பிரிண்டபிளாக, அதாவது 7 பிட்டாக மாற்றிவிடும். 78 பைட் என்றால் 26 தமிழ்க் குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘அன்புடையீர்’ என்ற சொல்லே 11 குறி, 33 பைட். ‘பில் இணைத்துள்ளோம்.’ ‘சரக்கு லாரியில் ஏறியது.’ ‘நன்றி.’ இவைதான் கடையின் வழக்கமான கடிதம். எல்லாமே குறுகிய வரிகள், எல்லாமே 8 பிட்டாகப் போயின, எல்லாமே முறிந்தன. தீபாவளிக் கடிதத்தில் நீளமான வாக்கியங்கள் இருந்ததால் அது முதலிலேயே 7 பிட்டாகி, கையொப்பம் அந்த வடிவத்தின் மேல் விழுந்து, மாறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. பைத்தானின் மூல நிரலில் அந்த வரியைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி பெரியது. அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. கடைசி நொடி மாற்றத்தைச் செய்யாதே என்று போஸ்ட்ஃபிக்ஸிடம் சொல்லலாம். பெரும்பாலான சர்வர்கள் 8 பிட்டை அறிவிக்காமலேயே பழுதின்றி வாங்கிக்கொள்ளும், ஆகவே வேலை நடந்துவிடும். ஆனால் வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுக்காத சர்வரிடம் தமிழை நம்பி ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்காவது ஒரு பிட் உதிர்ந்தால் எழுத்தே சிதைந்துவிடும். ஸ்கிரிப்ட்டில், கடித உடலை வைக்கும் வரியில், வடிவம் எப்போதும் பேஸ்64 என்று குறிப்பிட்டேன். அவ்வளவுதான் மாற்றம். பேஸ்64-இல் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்: ‘நன்றி’ 15 பைட், அது 20 எழுத்தாகிறது. குவோட்டட் பிரிண்டபிளில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாகி அதே சொல் 45 எழுத்தாகும். தமிழுக்கு எது சிக்கனம் என்பதில் ஐயமே இல்லை. தமிழில் கடிதம் அனுப்பும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று கிளம்பினால் இந்தப் பழுது கண்ணில் படவே படாது.

மாதக் கடைசியில் எல்லா வாடிக்கையாளருக்கும் பாக்கிப் பட்டியல் ஒரே நேரத்தில் போகும். இணைய நிறுவனம் மணிக்கு 300 கடிதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஒரே இடத்துக்கு 20 இணைப்புகள்வரை சேர்த்துத் திறக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் இடையில் 15 விநாடி இடைவெளி விடும்படி அமைத்தேன். மணிக்கு 240 ஆகிறது, வரம்புக்குள் நிற்கிறது. எல்லாக் கடிதமும் ரிலே சர்வர் ஒன்றுக்கே போவதால் இந்த இடைவெளி அனைத்துக்கும் சேர்த்துப் பொருந்தும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் அம்பாசமுத்திரம் சாலையில் எங்காவது ஃபைபர் அறுந்தால் கடிதங்கள் வரிசையில் தங்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயன்றுவிட்டுத்தான் திருப்பும். அதுவரை ஒன்றும் சொல்லாது. பில்லுக்கு அது ஆகாது. ஒரு மணி நேரம் தாமதமானாலே அக்காவுக்குத் தகவல் வரும்படியும், 2 நாளில் திரும்பிவிடும்படியும் மாற்றினேன். இணைப்பே இல்லாதபோது அந்தத் தகவலும் வெளியே போகாதே என்று அக்கா கேட்டார். உண்மைதான், அதற்காக வரிசையின் நீளத்தைப் பில் மென்பொருளின் முகப்புத் திரையிலேயே சிவப்பு எண்ணாகக் காட்ட ஒரு சிறு ஏற்பாடு செய்தேன்.

பாதுகாப்புக்காக, இந்தப் போஸ்ட்ஃபிக்ஸ் அதே கணினியிலிருந்து வரும் கடிதங்களை மட்டும் ஏற்கும். கடையின் வைஃபையில் உள்ள மற்றக் கணினிகளோ போன்களோ அதன் வழியாக எதையும் அனுப்ப முடியாது. ரிலே கணக்கு கடையின் பெயரில் இருப்பதால், வேறொரு கணினியில் புகுந்த வைரஸ் அதைப் பயன்படுத்தினால் கணக்கே முடக்கப்படும்.

பேஸ்64 மாற்றத்துக்குப் பின் வந்த அறிக்கைகளில் டிகிம் முறிவு ஒன்றும் இல்லை. அதன் பிறகே டிமார்க்கை, தேறாத கடிதங்களை ஸ்பாமில் தள்ளச் சொல்லும் நிலைக்கு உயர்த்தினேன். இணைய நிறுவனத்தின் பணியாளரிடம் 8பிட்மைம் பற்றிச் சொல்லி, சர்வரைப் புதுப்பிக்கும்போது கவனிக்கும்படி கேட்டிருக்கிறேன். கடவுச்சொல் மாற்றும் முறை, டிகிம் சாவியை மாற்றும்போது புதிய செலக்டர் (எந்தச் சாவி என்று காட்டும் அடையாளம்) பெயரில் முதலில் டிஎன்எஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பிறகே பழையதை எடுக்க வேண்டும் என்ற வரிசை, ரிலே சர்வரின் பெயர், நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு எண் எல்லாவற்றையும் அக்காவின் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை இணைப்பு மாற்றினால் ரிலேஹோஸ்ட் வரி, கடவுச்சொல் கோப்பு, எஸ்பிஎஃப் பதிவு ஆகிய மூன்றை மட்டும் மாற்றினால் போதும். டிகிம் சாவியும் ஸ்கிரிப்ட்டும் அப்படியே இருக்கலாம்.